பொம்மை சொல்லாத உன் வார்த்தை

என் பிரியமான தங்கச்சி அம்மிணிக்கு,

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உன் உடம்பில் ஊசி பழகினார்கள். நெஞ்சில் கோத்த நீரை எடுக்க, பெரிய டாக்டர், டாக்டருக்குப் படிக்கிற பெண்ணின் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மூன்றாவது குத்தில் நுரையீரல் ஓட்டையானது. நீ போய்விட்டாய். உன்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த என்னிடம் யாரும் உண்மை சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் அதே கல்லூரியில் கூப்பிட்டார்கள். மஞ்சக்குட்டையில் பஸ் ஏறி மலையிறங்கி, அடிவாரம் தாண்டிப் போனேன். இனி மாணவர்கள் முதலில் ஆள் மாதிரியே செய்த பொம்மையில்தான் பழகுவார்களாம். உனக்கு நடந்ததையும் ஒரு பாடமாக வைக்க என் கையெழுத்து வேண்டுமாம்.

நான் பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக்கூட்டிப் படித்தவன். அவர்கள் நீட்டிய பாரத்தை அவசரப்படாமல் மூன்று தடவை படித்தேன். 'எதிர்பாராத சிக்கல்' என்று போட்டிருந்தது. யாருக்கு எதிர்பாராதது?

பிறகு பொம்மையைக் காட்டினார்கள். அது மூச்சு விடுகிறது, நாடி அடிக்கிறது. ஒரு மாணவன் தப்பாகக் குத்தினான், செத்தது. எல்லோரும் சிரித்தார்கள். பட்டனைத் தட்டினார்கள், பிழைத்துக்கொண்டது. நான் கேட்டேன்.

"ஏனுங்க, இதுக்கு நோவாதுங்களா?"

"'வலிக்குது டாக்டர்'னு கத்துமுங்க ஐயா," என்றார் பாடம் நடத்தும் அம்மா.

"என் தங்கச்சி கத்தலீங்க. 'போதுமுங்க சாமி'ன்னு நொம்ப மெதுவாச் சொன்னா. பொறுத்துக்கறான்னு நெனச்சுட்டாங்க."



காப்பித் தோட்டத்தில் புது ஆளுக்குக் கிளை வெட்டும் கவாத்து பழக்க, பிடுங்கப்போகிற கிழட்டுச் செடியைத்தான் காட்டுவோம். நானே காட்டியிருக்கிறேன். அவர்கள் கண்ணுக்கு நீ அந்தச் செடியா, அம்மிணி? பொம்மை வந்தால் அந்தக் கண் மாறுமா? இல்லை, பொம்மையில் பழகிய தைரியத்தில் இன்னும் அவசரமாகக் குத்துவார்களா?

நான் கையெழுத்துப் போடவில்லை. என்ன செய்தால் போடுவேன் என்று பாரத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன் என்று நினைக்காதே. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பாடம் நடத்துகிறவர் 'எதிர்பாராத' என்பதைப் பாரத்திலிருந்து அடித்துவிட வேண்டும். பொம்மை உன்னைப் போல மெதுவாக 'போதுமுங்க சாமி' என்று சொல்ல வேண்டும். கேட்டதும் மாணவர்கள் கையை எடுக்க வேண்டும். பெரிய டாக்டர் கட்டிலை விட்டு நகரக் கூடாது. பொம்மை செத்தால் யாரும் உடனே பட்டனைத் தட்டக் கூடாது; குத்தினவர் வெளியே வந்து, பெஞ்சில் இருக்கிறவரிடம் நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டியவன் நான். ஒவ்வொரு தடவையும் வந்து உட்காருவேன், அம்மிணி.

இன்னும் யாரும் வந்து உண்மை சொல்லாத,
உன் அண்ணன்