பாதி நிலத்துக்கு எத்தனை அடி

அக்கா,

இன்று காலை சர்வேயர் வந்து போனார். உன் பங்கை உன் மகள் பெயருக்கு மாற்ற நம் வயலை அளந்தார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் சேற்றில் நின்றேன். வாய்க்கால் கரையில், அறுபதாவது அடியில், பாதி புதைந்த கல் ஒன்று அவர் காலில் தட்டியது. "இது எதுக்குங்க இங்க கெடக்கு?" என்றார். "பழைய கல்லுங்க" என்றேன். 

ஒரு மா நிலம்தான் நம்முடையது. கூலிக்கு நட்டுக்கொண்டிருந்த அப்பா வாங்கிய முதல் நிலம், கடைசி நிலமும் அதுவே. நூறு குழி, குழி என்றால் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. வயலின் நான்கு பக்கமும் நூற்றிருபது அடி. அத்தான் இறந்தபின் திருத்துறைப்பூண்டியிலிருந்து கைக்குழந்தையோடு நீ திரும்பி வந்தாய். "பாதிய எனக்கு விட்டுடு தம்பி, தண்ணி வர்ற மூலையா பாத்து" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. நூற்றிருபதில் பாதி அறுபது. மூலையிலிருந்து இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் அறுபது அளந்து கல் போட்டேன்.  அந்த வருடமே உன் பங்கில் நீயே இறங்கி நட்டாய்.

ஐந்து வருடம் கழித்து என் வீட்டுக்கு டைல்ஸ் போட்டேன். இருபதுக்கு இருபது கூடத்துக்கு இரண்டடிக் கல் நூறு பிடித்தது. பத்துக்குப் பத்து அறைக்கு ஐம்பது வாங்கி வந்தேன். கொத்தனார் இருபத்தைந்தைப் பதித்துவிட்டு எழுந்துகொண்டார்.

"மீதிய எதுக்குங்க வாங்குனீங்க?"

"கூடத்துல பாதிதானே ரூமு?"

"நீளமும் பாதி, அகலமும் பாதிங்க. பாதிக்குப் பாதின்னா கால்வாசிதானே?"

மிஞ்சிய இருபத்தைந்தையும் ஓரமாக அடுக்கினேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

"அக்கா, நான் உனக்குப் பாதி கொடுக்கல. கால்தான் கொடுத்திருக்கேன்."

நீ தலை நிமிரவில்லை. "தெரியும். ஒரு மாவ நாலு பேரு ஒரு நாள்ல நடுவோம். என் பங்க நான் ஒருத்தியா ஒரே நாள்ல நட்டு ஏறுனேன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"ஏங்க்கா கேக்கல?"

"கேட்டு, நீ தெரிஞ்சுதான் செஞ்சேன்னு ஆயிட்டா? அப்பறம் எனக்கு யாரு இருக்கா?"

அன்று சாயங்காலமே வயலுக்குப் போனோம். மொத்தம் பதினாலாயிரத்து நானூறு சதுர அடி, பாதி ஏழாயிரத்து இருநூறு. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அது வரும் என்று வரப்பில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எண்பத்திநாலுக்குக் குறைந்தது. எண்பத்தைந்துக்கு இருபத்தைந்து சதுர அடி கூடியது. "முழு எண்ணா வரலக்கா" என்றேன்.

"அப்ப கூட வைக்கப்போறியா, கொறச்சு வைக்கப்போறியா?"

"கூடத்தான்."

நீ சிரித்தாய். எண்பத்தைந்தில் புதுக் கல் போட்டோம். "கணக்குத் தெரியாமதாங்க்கா செஞ்சேன்" என்றேன். "அது போதும்டா" என்றாய். அதன் பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

நீ போய் நாற்பது நாளாகிறது. அந்த ஐந்து வருடமும் அறுப்பு முடிந்து களத்தில் நம் இரண்டு குவியலும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. உன்னுடையதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் என் மூட்டைகளை ஏற்றினேன். எது எவ்வளவு என்று பார்க்கப் பெருக்கல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்போது என் கண்ணில் படவில்லையா, பட்டும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேனா என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. எனக்கே தெரியவில்லை, அக்கா. நீ இருந்தபோது இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.