குடைக்கார ராஜா

பாயா ரும்புட், மலாக்கா.
21-6-1998

அன்பு மகள் பவானேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி விமலனும் கடையில் இருக்கிற ஆறு வீடியோ கேம் பெட்டிகளும் மாரியம்மன் புண்ணியத்தில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் சுகம் என்றுதான் எழுதுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்குத் தேவலை, ஆனால் டாக்டர் நடக்கச் சொன்னால் பக்கத்து வீடு வரை நடந்து அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறாள். விமலனுக்கு ஆயர் குரோ பேக்டரியில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள், ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறான், வந்து என்ன செய்ய, கடையில் பியூஸ் போன பல்பைக்கூட நான்தான் ஸ்டூல் மேல் ஏறி மாட்டினேன்.

நீ அனுப்பிய சிடியும் தாள்களும் பத்து நாளைக்கு முன்னால் வந்து சேர்ந்தன. மூன்று வருஷமாக அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து செய்த கேம் என்று எழுதியிருந்தாய். கடைக்கு வருகிறவர்களை ஆடவைத்து, அவர்கள் கருத்தைத் தாளில் எழுதி வாங்கி மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொன்னாய். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஓர் ஆள் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவனை எவருக்கும் பிடிக்கவில்லை, அடித்தால் சாகிற எதிரியாக அவனை மாற்று, இல்லையென்றால் தூக்கிவிடு என்று உன் மேலாளர் சொல்கிறாராம். ஆடுகிறவர்கள் சொல்வதை வைத்தே முடிவு செய்யலாம் என்று நீயும் தலையாட்டிவிட்டு வந்தாயாம். நன்றாக ஆட்டினாய். படித்த பிள்ளை, யாரிடம் கருத்துக் கேட்பது என்றாவது யோசித்திருக்க வேண்டாமா? பதினேழு பேர் எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், ஒரு எழுத்துகூட நான் திருத்தவில்லை. ஆனால் அதைப் படிப்பதற்கு முன்னால் எழுதினவர்கள் லட்சணத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், மூன்று பேரைச் சொன்னால் போதும், மிச்சம் பதினான்கு பேரும் இவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளைகள்தான்.

முதல் ஆள் சேகரன். பேக்டரியில் மத்தியான ஷிப்ட், அதற்கு முன்னால் இங்கேதான் குடியிருப்பு. இங்கிலீஷ் கேம் புத்தகம் வாங்கிப் படம் பார்ப்பான், படம் மட்டும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாட்டில் ஓடிக் குதிக்கிற கேமைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவன் இவன்தான், இதுக்கு மேல ஒரு கேம் வராது அங்கிள் என்று என் மேசையைத் தட்டிச் சத்தியம் செய்தான். இப்போது கேட்டால் அதெல்லாம் செத்துப்போச்சு லா அங்கிள், இனிமே எல்லாம் 3டிதான் என்கிறான். நடுவில் ஆறு மாதம் சண்டை கேம்தான் கேம், அப்புறம் நாலு மாதம் கார் கேம், அப்புறம் துப்பாக்கியை மூக்குக்கு நேராகப் பிடித்துச் சுடுகிற கேம், இந்த வாரம் உலகக் கிண்ணம் நடப்பதால் பந்து கேம். இவன் மாற்றுகிற வேகத்துக்கு வீட்டில் சட்டையை மாற்றினால் பக்கத்தில் உட்காருகிறவனுக்காவது நிம்மதியாக இருக்கும். அந்த 3டியையும் பின்னால் நின்று பார்த்தேன். ஆள் தூணுக்குப் பின்னால் போனால் தூண் மட்டும்தான் தெரிகிறது. ஐந்து நிமிஷம் தூணையே பார்த்துவிட்டு கிராஃபிக் பவர் அங்கிள் என்கிறான். தூண் பார்க்க வேண்டுமென்றால் கோவிலில் நிறைய இருக்கிறது என்றேன், சிரிக்கிறான், திட்டினது புரியவில்லை.

இரண்டாவது ஆள் முகம்மது அஷ்ரப், பக்கத்துத் துணிக்கடை ஜமாலுதீன் மகன். இவன் கொஞ்சம் உயர்ந்த ரகம், அடிதடியெல்லாம் சின்னப் பசங்களுக்கு அங்கிள், கதை இருக்கணும், கதைதான் முக்கியம் என்று செய்தி வாசிப்பவன் மாதிரி பேசுவான். இவன் உயிராக நினைக்கிற கதை கேம் முழுக்க ஜப்பான் எழுத்து. இவனுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. எந்தப் பட்டனுக்குப் பிறகு எந்தப் பட்டன் என்று மனப்பாடம் செய்து ஐம்பது மணி நேரம் ஆடி முடித்தான். முடித்துவிட்டு அந்தப் பெண் கதாநாயகனுடைய தங்கச்சி, சின்ன வயசில் காணாமல் போனவள் என்று நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்துக் கதை சொன்னான், கேட்டவர்களில் ஒருவன் உருகிப் போய்விட்டான். போன மாதம் அதே கேம் இங்கிலீஷில் வந்தது. பார்த்தால் அவள் தங்கச்சியும் இல்லை ஒன்றும் இல்லை, அவனைப் பிடிக்க வந்த போலீஸ்காரி. அப்போதாவது வெட்கப்பட்டானா என்றால் இல்லை, இங்கிலீஷ்ல கதைய கெடுத்துட்டான் அங்கிள் என்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் உன் கேமைப் பார்த்து கதையே இல்ல, பழைய காலத்து கேம் என்று எழுதியிருக்கிறான், தாள்களில் ஏழாவதாக இருக்கும்.

மூன்றாவது ஆள் காளிதாஸ். உம்பாயிலிருந்து மீன் லாரி ஓட்டுகிறவன், இறக்கிவிட்டுப் போகும்போது அரை மணி நேரம் வந்து உட்காருவான். இவனுக்கு எந்த ரகத்தின் பேரும் தெரியாது, காலியாக இருக்கிற பெட்டி எதுவோ அதில் ஆடுவான். மீன் வாடை தாங்கவில்லை என்று சேகரன் மூக்கைப் பொத்துவான், அவன் யோக்கியதைக்கு.

இனி உன் கேமில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். ஒரு பெண் தோள்பையோடு மழையில் இடமிருந்து வலமாக நடந்து வீட்டுக்குப் போகிறாள், வழியில் நாய், சாக்கடை, தண்ணீர் தெறிக்கிற லாரி. மழையில் நனைய நனைய உயிர் குறைகிறது. நாய் வந்தால் பையைச் சுழற்றி விரட்டலாம். கட்டம் முடிகிற இடத்தில் பாட்டு நின்றுபோகிறது, பஸ் நிற்கிற இடத்தில் அந்த ஆள் தனியாகக் குடையோடு நிற்கிறான். பாட்டு நின்று ஒருத்தன் தனியாக நின்றால் அவன் யார்? எந்தக் கேமிலும் கடைசியில் வருகிற பெரிய எதிரிக்கு நம் ஊரில் ராஜா என்று பேர். சீனனும் மலாய்க்காரனும் தமிழனும் ராஜா என்றுதான் சொல்வான். இந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் பள்ளிப் பாடம் எழுதி வளர்ந்தவள் நீ, உனக்கே மறந்துவிட்டதா? அங்கே போய் மூன்று வருஷத்தில் வெள்ளைக்காரச்சி ஆகிவிட்டாயோ? இதில் அவர்களை மட்டும் திட்ட மாட்டேன், உனக்கும் பாதி உண்டு.

ராஜா வந்துட்டான் டோய் என்று கத்திக்கொண்டு பதினாறு பேரும் பையால் அவனைப் போட்டுச் சாத்தினார்கள். அடித்தால் அவன் ஒரு அடி பின்னால் போகிறான், குடையும் பின்னால் போகிறது, இந்தப் பெண் மழையில் நிற்கிறாள், உயிர் போகிறது. மறுபடியும் முதலிலிருந்து. சேகரன் ஒரே இருப்பில் அடித்து அடித்து பேக்டரி பஸ்ஸையே கோட்டைவிட்டான். அவ்வளவு நேரம் விடாமல் ஆடினவன் எழுதியிருப்பதைப் பார், ராஜா ரொம்ப கெட்டி, சாக மாட்டேங்கிறான், கேம் போர். போர் அடிக்கிற கேமுக்காக எவனாவது அரை நாள் சம்பளத்தை விடுவானா? இவர்கள் வாய் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று செய்கிறது, உன் மேலாளர் வாயை மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறார். அதனால் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் அந்த ஆள் எத்தனை தடவை திரும்ப வந்து உட்கார்ந்தான் என்று நான் பென்சிலில் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்க்கச் சொல்.

காளிதாஸ் ஐந்தாம் நாள் வந்தான். அவனும் இரண்டு அடி அடித்தான், பொய் சொல்லவில்லை. அப்போது எதிர் டீக்கடையிலிருந்து தே தாரிக் பிளாஸ்டிக் பொட்டலத்தில் வந்தது. கயிற்றைப் பிடித்து வாங்க ஒரு கை, ஸ்ட்ராவைச் செருக இன்னொரு கை, ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டான். இந்தப் பெண் குடைக்குக் கீழே சும்மா நின்றாள். நின்றதும் அவள் உயிர் ஒவ்வொன்றாக ஏறி நிரம்பியது, அந்த ஆள் குடையை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்தான், இரண்டு பேரும் நடந்து அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். காளிதாஸ் தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். சேகரன் ஓடி வந்து என்ன சீட் கோடு போட்டே, எந்தப் பட்டன், எந்தப் பட்டன் என்று உலுக்கினான். காளிதாஸ் ஒண்ணும் அமுக்கலண்ணே, சும்மா நின்னேன் என்றான். நம்பவில்லை. ஒண்ணும் அமுக்காம எப்படி லா கேம் என்று என்னிடம் நியாயம் கேட்டான். அவனுக்கு அது புரியாது, அவர்கள் யாருக்கும் புரியாது, கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத கூட்டம். அடுத்த நாளும் வந்து பையால் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். காளிதாஸ் தாளில் ஒரு வரிதான் எழுதினான், குடைக்கார அண்ணன் நல்லவர் என்று. எழுத்துப் பிழை இருந்ததை மட்டும் அவனே கேட்டுத் திருத்திக்கொண்டான்.

நேற்று அம்மா எனக்குச் சோறு கொண்டுவந்தாள். தூக்குச்சட்டியைக் கல்லாவில் வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏங்க, அது நீங்கதாங்க என்றாள். யாரு, எங்கே என்றேன். குடைய பாருங்க என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். குடையில் ஒரு கம்பி உடைந்து சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டியிருக்கிறது. நீ ஆறாம் பாரம் படிக்கும்போது டவுனிலிருந்து வருகிற பஸ்ஸுக்காக நான் முச்சந்தியில் பிடித்துக்கொண்டு நின்ற குடை. அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினவனே நான்தான், பத்து நாளாக என் கடையில், என் கண் முன்னால், பதினாறு தடியர்கள் என்னைப் போட்டு அடிக்கிறார்கள், நான் கல்லாவில் உட்கார்ந்து இன்னும் பலமாக அடி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. வந்தது என்றால் வந்தது, அதை வைத்து அக்காவும் தம்பியும் போனில் கிண்டல் பேசிச் சிரிக்க வேண்டாம். நீ இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது இந்தக் குப்பையை விற்கிறவன் நானொருவன் போதாதா, செய்வதற்கு நீ வேறா, டீச்சர் வேலைக்குப் போ என்றேன். நீ போகிற அன்றைக்குக்கூட பெட்டி கனம் பற்றித்தான் திட்டினேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதையெல்லாம் வைத்துக்கொண்டு நீ என்னை எதிரியாகச் செய்திருந்தால் நான் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் குறை ஒன்று இருக்கிறது, அந்த ஆளுக்கு வாய் வைக்க மறந்துவிட்டாய். நான் எந்தக் காலத்தில் உன் பக்கத்தில் சும்மா நின்றேன்? ஏன் லேட், எதற்கு நனைகிறாய், புத்தகத்தைப் பையில் வை என்று வீடு வரை பேசிக்கொண்டேதானே வந்தேன். மூக்கும் அவ்வளவு பெரியது இல்லை.

பதினேழு பேர் கருத்தையும் கேட்டாய், என் கருத்தைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஆளைத் தூக்காதே. அவனைச் சாகிற மாதிரியும் மாற்றாதே. இன்றைக்கு 3டி, நாளைக்கு வேறொன்று, ரகம் மாறிக்கொண்டே இருக்கும், சேகரனும் கூடவே மாறிக்கொண்டு சத்தியம் செய்வான், அவனுக்காக நீ எதையாவது மாற்றினால் உன்னைப் போல முட்டாள் கிடையாது. அடிக்கிறவன் அடிக்கட்டும். அடித்துக் கை வலித்தால் ஒருநாள் நிற்பான், நின்றால் தெரிந்துகொள்வான். அதுவரைக்கும் அந்த ஆள் தாங்குவான், அவன் எங்கேயும் போக மாட்டான்.

அம்மா மாங்காய் ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்ததும் வரும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மேலாளரிடம் பேசும்போது தலையைக் குனியாமல் பேசு, பென்சிலில் எழுதியதைக் காட்ட மறந்துவிடாதே. அங்கே தினம் மழை என்கிறாய், நல்ல குடையாக ஒன்று வாங்கிக்கொள், கம்பி கெட்டியாக இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து வாங்கு. உனக்கு எல்லா நலமும் கிடைத்து, நீ தொட்டதெல்லாம் துலங்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அடித்தும் சாகாத ராஜா,
உன் அப்பா தம்புசாமி.