நீங்கள் கொடுத்த இரண்டு உரசு

நங்கையா,

சம்பந்தியம்மா கொடுத்தனுப்பிய உரைமருந்துப் பொட்டலத்தை நேற்றுப் பிரித்தேன். வசம்பு, கடுக்காய், மாசிக்காய் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு ஜாதிக்காய் வாசம் எழுந்தது. பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருக்கும் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகியும் இந்த வாசத்துக்கு நான் பயப்படுகிறேன்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். நாத்தனாரான நீங்கள் புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நானோ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து ஆபீஸ் போகிறவள். அந்தத் திமிரில்தான் உங்கள் தம்பி முன்னால் சட்டம் போட்டேன்: "பாப்பாவுக்கு நாட்டு மருந்து ஒரு சொட்டு போகக் கூடாதுங்க. எதுன்னாலும் டாக்டருதான்." நீங்கள் "செரி அம்மணி" என்று மருந்து உரசும் உரைகல்லை எடுத்துப் பரண்மேல் வைத்தீர்கள்.

எட்டாம் மாதம் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் மருந்து ஒரு நாளாகியும் கேட்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்கள் கடைக்குப் போன நேரம் பார்த்து அதே கல்லை இறக்கி, தாய்ப்பால் விட்டு ஜாதிக்காயை உரசினேன். கல்லில் எத்தனை தரம் உரசுகிறோம் என்பதுதான் அளவு. கைக்குழந்தைக்கு இரண்டுக்கு மேல் ஆகாது என்று நீங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சீக்கிரம் நிற்கட்டுமே என்று பத்து உரசிவிட்டேன். காலையிலேயே நீங்களும் என் கண்ணில் படாமல் பாப்பாவுக்குக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. சாயங்காலம் பாப்பா கண்ணே திறக்கவில்லை.

ஆர்.எஸ்.புரம் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். "நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா? மறைக்காம சொல்லுங்க."

நான் குனிந்து பாப்பாவின் போர்வையை இழுத்துவிட்டேன். நீங்கள் முன்னால் வந்தீர்கள். "நாந்தானுங்க குடுத்துப்போட்டேன். ஜாதிக்கா. ரெண்டே ரெண்டு ஒரசுங்க."

"ரெண்டுக்கா கொழந்தை இப்படிக் கெடக்குது?" என்று அவர் கத்தினார்.

நீங்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "கூடப் போயிருச்சாட்ட இருக்குதுங்க. பத்துப் பன்னெண்டு இருக்குமுங்க" என்றீர்கள்.

பாப்பா மறுநாள் கண் விழித்தாள். இனி குழந்தையைத் தொடாதே என்று உங்கள் தம்பி உங்களிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். பத்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெருந்துறையில் உங்கள் கொழுந்தனார் வீட்டுக்குக் கிளம்பினீர்கள். பஸ் ஸ்டாண்டில் "ஏனுங்க நங்கையா…" என்று இழுத்தேன்.

"பெத்தவளையும் தள்ளி வெச்சுப்போட்டா புள்ளைய ஆரு அம்மணி பாக்கறது? போ, அவளுக்குப் பசிக்கும்."

பெரிய மனசுதான் உங்களுக்கு! அந்தப் பெரிய மனசின் மேல்தான் எனக்கு ஆத்திரம். அன்றைக்கே என் முடியைப் பிடித்து இழுத்து, "இவளும் குடுத்தாளுங்க" என்று சொல்லியிருக்கக் கூடாதா? நாலு நாள் திட்டு வாங்கியிருப்பேன், தீர்ந்திருக்கும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு போனதால் எனக்குத் துளிர்விட்டுப் போயிற்று. சொந்தபந்தம் எல்லோரிடமும் "கொன்னுபோடப் பாத்தாங்க" என்று நானே சொல்லித் திரிந்தேன். பாப்பா அதைக் கேட்டே வளர்ந்தாள். உங்கள் சாவுக்குக்கூட அவள் வரவில்லை. நானும் வா என்று கூப்பிடவில்லை.

நேற்று தன் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த அத்தைகிட்ட இருந்து நீதானம்மா என்னயக் காப்பாத்துன."

"ஆமா கண்ணு" என்றேன்.