காபிக்கு விழுந்த கை

3 ஜூலை 1986, கியூர்பிப்

இந்தத் தீவில் ஓயாத மழை. இடது தோள் இன்னும் இறுகிவிட்டது. தலை வாரக் கை எட்டவில்லை. இவர் பிசியோதெரபிஸ்ட் என்று ஊருக்கே தெரியும், என் தோளுக்கு மட்டும் தெரியாது. ஆலைப் பெண்களின் முதுகும் ஓட்டல் வெள்ளைக்காரர்களின் முட்டியும் பார்த்து முடித்து இவர் வரும்போது நான் பாதித் தூக்கத்தில். "நாளைக்குப் பார்க்கறேன்டி." எந்த நாளைக்கு?

8 ஜூலை

பக்கத்து வீட்டுத் தனலட்சுமி, ஜான்-க்ளோட் என்பவரிடம் அழைத்துப்போனாள். தசையை அழுத்தியே உடம்புக்கு எது ஆகாது என்று சொல்லிவிடுவாராம். இடது கையில் காபிப்பொடியைக் கொடுத்து, நீட்டிய வலது கையை இரண்டு விரலால் அழுத்தினார். பொத்தென்று விழுந்தது! வெனிலாத் தேயிலைக்கு நின்றது. "கஃபே பா போன், மதாம்." தனலட்சுமி தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, காபி வேணாம். திதே நல்லது" என்றாள். தேநீருக்கு இங்கே திதே என்று பெயர். பெருமாளே, இதையுமா விடவேண்டும்?

9 ஜூலை

காபி இல்லை. தலைவலி. எல்லார்மேலும் கோபம்.

14 ஜூலை

மெட்ராஸ் ஞாபகமாகவே இருக்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்து தோள் நழுவியபோது வந்தாரே, அந்த ஒல்லிப் பிசியோதெரபிஸ்ட்! என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்கோ, நன்னாத் தள்ளுங்கோ... விடாதீங்கோ" என்பார். நான் தள்ளத் தள்ள அவர் காது சிவக்கும். கல்யாணப் பேச்சு அப்புறம்தான் வந்தது. நான் அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். அந்த மனுஷரைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்.

16 ஜூலை

நான் தேநீர் கலப்பதை இவர் பார்த்துவிட்டார். ஜான்-க்ளோட் சோதித்ததைச் சொன்னேன். தனலட்சுமியைக் கூப்பிட்டு, காபியையும் தேயிலையையும் ஒரேமாதிரி இரண்டு டப்பாவில் இறுக மூடித் தரச் சொன்னார். எதில் எது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒன்று காபி என்றே எனக்குத் தோன்றியது. அதைப் பிடித்துக்கொண்டு நீட்டிய வலது கையை இவர் அழுத்தியதும் கை விழுந்தது. திறந்தால் தேயிலை!

"தசைக்குக் காபி தெரியாதுடி. நீ நினைக்கறதுதான் தெரியும்."

"என் கையைத் தொட்டுப் பார்க்க அந்த ஆளுக்கு நேரம் இருந்தது. உங்களுக்கு இருந்துதா?"

கத்திவிட்டேன். அழுகையும் வந்தது, சனியன். அவர் கிட்டே வந்து உட்கார்ந்தார். இடது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு இறுகியிருக்கே... ஏன் சொல்லலை?" சொன்னேனே! எத்தனை தரம் சொன்னேன்!

17 ஜூலை

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். இருவரும் காபி குடித்தோம். பிறகு பயிற்சி. உயிர்போகிற வலி. "தள்ளு... விடாதே." அதே குரல்தான்.

2 நவம்பர்

துணி உலர்த்தும்போது கை தானாக முழுக்க மேலே போனது. வலியே இல்லை! சொல்லலாமா?

சாயங்காலம் அவர் அழுத்தியபோது கையைச் சட்டென்று விட்டுவிட்டேன். நிஜமாகவே பலமில்லாத கை மெல்லத்தான் இறங்கும். வேண்டுமென்றே விடுகிற கைதான் அப்படி விழும். அது அவருக்குத் தெரியாதா? என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சரியாக இன்னும் நாளாகும் போலிருக்கே" என்றார். "கிளினிக்கில சொல்லிட்டேன், சாயங்காலத்தில இனிமே நான் கிடையாதுன்னு."