பந்தை வெளியே எறிகிற மாப்பிள்ளை

செப்டம்பர் 20, திங்கள்

ஜெயித்த மறுநாள் மாதிரியா இருந்தது இன்று நான் ஓட்டிய பஸ்? சாவு வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி இருந்தது. நேற்று 9–6. ஜெயித்தது நாம். ஆனால் செர்ரி தெருவில் ஏறிய அந்த மருத்துவமனைச் சலவைக்காரி, பெர்னிஸ், இறங்குகிற வரை வாய் மூடவில்லை.

"ஜெயிச்சாங்களாம்! ஆமோஸ் இல்லாட்டி என்ன ஆயிருக்கும்? அந்த ஹோஸ்டெட்லர் எறியறதைப் பார்த்தீங்களா? பந்துக்கே பக்கவாதம் வந்த மாதிரி தள்ளாடிக்கிட்டுப் போவுது!"

வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் கண்ணாடியைப் பார்த்து, "எல்லாரும் பின்னாடி நகருங்க" என்றேன். வேறென்ன சொல்வது? அந்த ஹோஸ்டெட்லர் என் மாப்பிள்ளை என்றா? அதைவிடப் பெரிய கொடுமை, அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

இருபத்தாறு வருஷமாக எங்கள் ஊர் ஃபுட்பால் அணி டொலீடோ ஸ்டோக்கர்ஸ் ஆட்டத்தை ஒன்றுவிடாமல் பார்க்கிறவள் நான். என் வீட்டுக்காரர் ஷாண்டோர் போன பிறகு அவர் இடத்தில் அவர் தம்பி லாயோஷ் உட்காருகிறான். பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தை நடத்துகிற எத்தனை குவார்ட்டர்பேக்கை வாயாரத் திட்டியிருக்கிறேன்! போன வருஷம் அதில் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அம்மா, இவரைத்தான் கட்டிக்கப் போறேன்" என்கிறாள் தெரேஸ். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா இவளுக்கு? அணியிலேயே ஐம்பது பேர் இருக்கிறார்களே. எதிராளியை மறித்து நிறுத்துகிற ஆமோஸுக்குத் தம்பி இல்லையா?

செப்டம்பர் 21, செவ்வாய்

செவ்வாய் ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை. இரண்டு பேரும் சாப்பிட வந்தார்கள். மிளகாய்ப்பொடி போட்ட கோழிக் குழம்பு, மாவு உருண்டை. மாப்பிள்ளை மூன்று தடவை போட்டுக்கொண்டார். நானும் எவ்வளவு நேரம் பொறுப்பது?

"ஏன் மாப்பிள்ளை, அந்த மூணாவது கால்மணி ஆட்டத்துல வலது பக்கம் ஒருத்தன் தனியா நின்னான் பாருங்க, அவன்கிட்ட..."

"பார்த்தேன் அத்தை."

"பார்த்தீங்களா?"

"ம். குழம்புல இன்னிக்கு காரம் சரியா இருக்கு."

தெரேஸ் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அக்டோபர் 10, ஞாயிறு

6–3. ஜெயித்தோம்.

நான் எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. எதிரிகள் இரண்டு பேர் துரத்தி வருகிறார்கள். சரி, எறி. நம் ஆள் ஒருத்தன் இருபது கஜம் தள்ளிக் கையை ஆட்டுகிறான். இவர் ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி நின்று, பந்தைக் கோட்டுக்கு வெளியே, பார்வையாளர் பக்கம் வீசுகிறார். ஒரு தடவை அல்ல. திரும்பத் திரும்ப. எங்கள் இடம் கோட்டோரம். மூன்றாவது தடவை பந்து லாயோஷ் மடியிலேயே வந்து விழுந்தது, அவன் வைத்திருந்த கொல்பாஸ் தொத்திறைச்சி ரொட்டி கீழே போனது.

"அண்ணி, உங்க மாப்பிள்ளைக்கு எம்மேல என்ன கோபம்? தன் ஆளுங்களை விட எனக்குத்தான் அதிகமா எறியறாரு!"

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சல்.

அக்டோபர் 11, திங்கள்

ஆறு–மூன்று! இது ஃபுட்பாலா, பல் பிடுங்குகிற இடமா?

அக்டோபர் 31, ஞாயிறு

மறுபடி ஜெயித்தோம். எப்படி என்று கேட்காதே. ஆமோஸும் அவன் கூட்டமும் எதிராளியை நகரவே விடவில்லை. மாப்பிள்ளை பந்தை வாங்குவார், பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுப்பார், தள்ளி நிற்பார். தபால்காரர் மாதிரி. தபால்காரருக்கு யாராவது கைதட்டுவார்களா?

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கத்தானே செய்கிறோம்? பிறகு ஏன் வயிறு எரிகிறது?

நவம்பர் 14, ஞாயிறு

இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுதிவிடுகிறேன்.

இன்று தோற்றோம். மூன்று பந்து நேராக எதிராளி கையில். மூன்றாவது போனதும் மொத்த மைதானமும் எழுந்து, "ரூக்ஸை இறக்கு! ரூக்ஸை இறக்கு!" என்று கத்தியது. ரூக்ஸ்தான் இரண்டாவது குவார்ட்டர்பேக், இளம் பையன், பீரங்கி மாதிரி கை. நானும் எழுந்தேன். நானும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எப்போது எழுந்தேன், எப்போது வாயைத் திறந்தேன், எதுவும் நினைவில்லை. லாயோஷ் என் கோட்டைப் பிடித்து இழுத்தான் — "அண்ணி, உட்காருங்க. அண்ணி! கேமரா!"

எதிரே பெரிய திரையில் ஒரு பெண்பிள்ளை முகம் சிவந்து, கையை முறுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். பார்த்தால் நான். கீழே எழுத்து வேறு: குவார்ட்டர்பேக்கின் மாமியார்.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்.

நவம்பர் 15, திங்கள்

பெர்னிஸ் ஏறினாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டிப்போவில் சுவரில் என் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கிழித்தேன். திரும்பி வருவதற்குள் இன்னொன்று.

தெரேஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். என்னைப் பேசவே விடவில்லை அவள்.

"ஊர்ல எல்லாரும் கத்தறாங்க, அதுக்கு நான் பழகிட்டேன். நீயுமா? நீ என் அம்மா இல்லையா?"

"தெரி, நான் வேணும்னு..."

"உனக்கு அந்த டீம்தான் பிள்ளை. நாங்க யாரோ. வச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 16, செவ்வாய்

யாரும் வரமாட்டார்கள் என்று சமைக்கவில்லை. ஆறு மணிக்கு வாசலில் மணி. மாப்பிள்ளை. தனியாக. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"தெரேஸ் கோபமா இருக்கா அத்தை. எனக்குப் பசி."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என்ன மனுஷன் இவர்? நேற்று முன்தினம் அறுபதாயிரம் பேர் முன்னால் இவரைத் தொலைத்துக் கட்டச் சொன்னவள் நான். முட்டையும் கொல்பாஸும் பொரித்துப் போட்டேன். சாப்பிட்டார்.

"ஒரு வார்த்தை திட்டுங்களேன் என்னை!" என்றேன்.

"எதுக்கு? அன்னிக்கு நான் ஆடினதுக்கு நானே என்னை வெளியில உட்கார வச்சிருப்பேன்."

"அப்போ ஏன் அப்படி எறிஞ்சீங்க?"

ரொட்டியைப் பிட்டுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் ஒரு வாரமா, பெருசா எறி பெருசா எறின்னாங்க. எறிஞ்சு பார்த்தேன். எனக்கு அந்தக் கை இல்ல அத்தை. கல்லூரியிலேயே தெரியும். பந்து நம்மகிட்ட இல்லாட்டி பரவாயில்ல, அவங்க நம்ம கோட்டுக்குக் கிட்ட இல்லாம இருந்தா போதும். மிச்சத்தை ஆமோஸ் பார்த்துப்பான். வெளியே எறிஞ்சா பந்து அவங்க கையில மாட்டாது. நான் கெடுக்காம இருக்கணும். அதான் என் வேலை."

"இதைச் சொல்ல உங்களுக்கு வெட்கமா இல்லையா?"

"இருக்கு," என்றார். "இன்னொரு முட்டை இருக்கா?"

நவம்பர் 25, வியாழன்

நன்றி நாள். வான்கோழியோடு நானும் லாயோஷும். ஊருக்கே போடலாம் போல அவ்வளவு கறி. தெரேஸ் வரவில்லை. மாப்பிள்ளை வந்து, அவளுக்கு ஒரு டப்பா கட்டி வாங்கிக்கொண்டு போனார். "இங்கே வாங்கினேன்னு சொல்ல மாட்டேன், கடையில வாங்கினதுன்னு சொல்றேன்" என்றார். வான்கோழிக்குள் நான் வைக்கிற பூரணத்தின் ருசி அவளுக்குத் தெரியாதா, முட்டாள்.

டிசம்பர் 12, ஞாயிறு

10–7. பனி. போகவில்லை, வீட்டிலேயே பார்த்தேன். ஏழு தடவை வெளியே எறிந்தார். ஏழு தடவையும் பல்லைக் கடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

சரி, ஒரு தடவை திறந்தேன்.

ஜனவரி 23, ஞாயிறு

இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்! ஊரில் ஹாரன் சத்தம் அடங்கவில்லை. தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்த பெரிய மனிதர்கள் எல்லாரும், இவ்வளவு தூரம் வந்த குவார்ட்டர்பேக்குகளில் இவரைப் போல மட்டமானவர் யாரும் இல்லை என்று ஒரே குரலாகச் சொல்கிறார்கள். ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் பெண்டாட்டியோட அம்மா வீட்ல போய் அப்படிச் சிரிடா.

— நான் மட்டும் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஜனவரி 30, ஞாயிறு

மதியம் கதவைத் திறந்தால் தெரேஸ். இரண்டரை மாதத்துக்குப் பிறகு.

"நீ மைதானத்துக்குப் போகலையா?"

"அங்கே உட்கார்ந்தா நாலு பக்கமும் கத்துவாங்க. இங்கே நீ ஒருத்திதானே."

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு சோபாவில் லாயோஷ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் அவளுக்குக் காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். 

ஆட்டம்? மூன்று மணி நேரம் என் உயிரை எடுத்தது. முதலிலேயே ஒரு பந்தை எதிராளியிடம் கொடுத்தார். நான் குஷனைக் கடித்தேன். தெரேஸ் என்னையே பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலையே!" என்றேன்.

கடைசியில் 10–9, நாம் ஒரு புள்ளி பின்னால். அரை நிமிஷம்தான் பாக்கி. பந்து நம்மிடம், எதிராளி கோட்டுக்குப் பக்கத்தில். நாலு முயற்சியில் இது மூன்றாவது. இடது மூலையில் நம் ஆள் தனியாக, சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. எறிந்தால் கதை முடிந்தது.

"எறி! எறி! மூலையில நிக்கிறான் பாரு — எறிடா!"

எறியவில்லை. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நாலு அடி ஓடி, யாரும் தொடுவதற்கு முன்னாலேயே தானாகத் தரையில் விழுந்தார். வாத்து விழுகிற மாதிரி.

"கெடுத்தான்!" என்று கத்தினேன். தெரேஸ் முகத்தை மூடிக்கொண்டாள்.

லாயோஷ்தான் முதலில் எழுந்தான். "இல்ல அண்ணி... நடுவுல விழுந்திருக்காரு! கம்பத்துக்கு நேர் நடுவுல! அவங்க கடிகாரத்தை நிறுத்த வழியில்ல!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எறிந்து தவறியிருந்தால் நின்றிருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எதிராளிக்குத் திருப்பி ஆட நேரமே மிஞ்சாது. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி; எங்கள் அணியில் உதைக்கிறவன் ஓலி ஓடி வந்தான், உதைப்பதற்குத் தோதாகப் பந்து நட்ட நடுவில். ஒரு குழந்தைகூட உதைத்திருக்கும்.

12–10.

மூன்று பேரும் என்ன செய்தோம் என்று தெரியவில்லை. லாயோஷ் அழுதான். காபி கம்பளத்தில். தெரேஸ் என்னைக் கட்டிக்கொண்டு, "மூலையில எறியச் சொன்னே!" என்று சிரித்தாள்.

"நானாயிருந்தா எறிஞ்சிருப்பேன்" என்றேன்.

"தெரியும்மா. அதான் நீ பஸ் ஓட்டறே."

பிறகு மைக்கை நீட்டிக் கேட்டார்கள், அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று. உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை சொன்னது: "ஓலி நல்லா உதைப்பான்." அவ்வளவுதான். கடவுளே, இந்த மனுஷனுக்கு ரெண்டு வார்த்தை கூடச் சேர்த்துப் பேச வராதா?

பிப்ரவரி 2, புதன்

ஊர்வலம். ஆமோஸ் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஓலி பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மாப்பிள்ளை லாரியின் பின்பக்கம், மழைக்கோட்டில், நின்றுகொண்டிருந்தார். யாரோ ஒரு சின்னப் பெண் கையாட்டினாள். அவர் திரும்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு கையாட்டினார்.

மார்ச் 15, செவ்வாய்

விலக்கிவிட்டார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்து ஏழு வாரம்கூட ஆகவில்லை! ரூக்ஸுக்குத்தான் இனி இடமாம். 'அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்' என்றாராம் மேலாளர். இதற்குமேல் எந்தக் கட்டம் இருக்கிறது? மாடியா?

மாப்பிள்ளை வழக்கம்போலச் சாப்பிட வந்தார். "அவங்க இடத்துல நானா இருந்தாலும் ரூக்ஸைத்தான் வச்சிருப்பேன் அத்தை" என்கிறார். கரண்டியால் அடிக்கலாமா என்று வந்தது. ஆனால் இன்று ஒரு தடவைதான் போட்டுக்கொண்டார். தெரேஸும் கவனித்தாள்.

மார்ச் 16, புதன்

பெர்னிஸ், ஏறியதும் ஏறாததுமாக: "நல்ல காலம், தொலைஞ்சான்! இனிமேலாவது ஃபுட்பால் பார்க்கலாம்."

வண்டியை ஓரம் கட்டினேன். கைப்பிரேக் போட்டேன். எழுந்து திரும்பினேன்.

"உன் ஆயுசுல நீ எத்தனை கோப்பை பார்த்திருக்கே? ஒண்ணு. யார் இருந்தப்போ? சொல்லு, யார் இருந்தப்போ?"

"அடியம்மா, நீதானே டிவில நின்னு கத்தினே!"

"நான் கத்துவேன். எங்க வீட்டுப் பிள்ளை. நீ யாரு?"

உட்கார்ந்து கைப்பிரேக்கை எடுத்தேன். பிறகு ஓட்டிக்கொண்டு போனேன். எட்டு நிமிஷம் தாமதம். டிப்போவில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். 'இயந்திரக் கோளாறு' என்று எழுதிக் கொடுத்தேன்.

இறங்கும்போது பெர்னிஸ், "உருளைக்கிழங்கு மாதிரி எறிஞ்சாலும், தங்கமான பையன்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவளை மன்னிக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மே 24, செவ்வாய்

எந்த அணியும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை என் வாசல் படியைச் சரி செய்தார். கோணலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடவில்லை.

ஜூன் 7, செவ்வாய்

கனடாவிலிருந்து அழைப்பு. ஹாமில்டனில் ஒரு அணி, போன வருஷம் எல்லா ஆட்டத்திலும் தோற்றதாம். பந்தை முன்னே கொண்டுபோக அங்கே இங்கே மாதிரி நாலு முயற்சி கிடையாது, மூன்றுதானாம். மைதானமும் பெரிது. "மூணே முயற்சியா? இவரு மூணையும் வெளியிலயே எறிஞ்சுடுவாரே!" என்றேன். தெரேஸ் சிரித்துச் சிரித்து இருமினாள். மாப்பிள்ளையும் சிரித்தார். இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 9, சனி

லாயோஷின் வண்டியில் கிளம்பினோம், ஓட்டியது நான். டெட்ராய்ட் பாலம் தாண்டி எல்லைச் சாவடி. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த இளைஞன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.

"ஹாமில்டன். மாப்பிள்ளை அங்கே குவார்ட்டர்பேக்."

நிமிர்ந்து பார்த்தான். "அந்த டீம்லயா? பாவம். நல்லா ஆடுவாரா?"

லாயோஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இல்லப்பா," என்றேன். "ஜெயிப்பாரு."