மெழுகுவத்தியை ஊதாத புஷ்பம்

தி. நகர்,
12-11-1974

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஜவுளிக்கடையும் சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கத் திருச்செந்தூரான் துணை. உன் மகள் புஷ்பமும் சுகம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பதறாமல் படி.

அவளுக்கு நுரையீரல் பலவீனம், இழுப்பு மறுபடி வரும், பிலாய்க் குளிரும் புகையும் ஆகாது, இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதாகப் போன மாதம் எழுதினேன். டாக்டர் சொன்னது நிஜம். சீமையில் படித்தவர், கடிகாரம் மாதிரி முள் வைத்த கருவி வைத்திருக்கிறார், குழாயில் ஒரே மூச்சாக ஊதினால் முள் ஏறும். நாலு வயசுப் பிள்ளைக்கு அது புரியாது என்று முதலில் மெழுகுவத்தியைக் கொளுத்தி ஊதி அணைக்கப் பழக்குகிறார்கள். உன் மகள் வாயை இறுக மூடிக்கொண்டு கையை வீசி அணைத்தாள். நர்ஸ் கெங்கம்மா, இன்னா கண்ணு ஊத மாட்டேங்கற என்று கெஞ்சிப் பார்த்து ஓய்ந்தாள். அதுவும் மெழுகுவத்தியோடு சேர்ந்தது என்று நினைத்தாளோ என்னவோ, குழாயைக் கொடுத்தபோதும் அதே இறுக்கம், முள் அசையவில்லை. ஊதத் திராணி இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். விளக்கை வாயால் ஊதினால் லட்சுமி போய்விடுவாள் என்று அவளுக்குத் தினமும் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். காரணம் தெரிந்தும் டாக்டரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவள் இங்கேயே இருப்பாளே என்ற ஆசை, வேறென்ன. கடைக்கு வருகிறவர்களிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேத்திக்கு நுரையீரல் பலவீனம் என்று சொன்னேன், அந்தப் பலவீனக்காரியோ மயிலாப்பூரில் வாங்கிய பீப்பியைக் காலை முதல் ஊதியதில், மாடிவீட்டுப் பாண்டுரங்கன் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. அவள் மூச்சை யார் கவனிக்கிறீர்கள் அப்பா என்று கேட்ட இடத்தில் மை கலைந்திருந்தது. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன், பத்துப் பேர் முன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கெங்கம்மா மெழுகுவத்திக்குப் பதில் காகிதக் காற்றாடி வைத்தாள். அப்போதும் புஷ்பம் என்னைப் பார்த்து, "ஊதலாமா தாத்தா?" என்றாள். தலையாட்டினேன். காற்றாடி சுழன்றது, முள்ளும் ஏறியது. மூன்று தடவை ஊதவைத்து இருப்பதில் பெரியதை எழுதிக்கொள்கிறார்கள், நான் அப்படித் துணி அளந்தால் கடையை மூட வேண்டியதுதான். அவள் உயரத்துக்கு வேண்டிய மூச்சு இருக்கிறதாம், மருந்தோடு அனுப்பலாமாம், டாக்டர் சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததும் வந்து கூட்டிப்போங்கள். நான் கொண்டுவந்து விடமாட்டேன், அவளை விட்டுவிட்டு ஒற்றையாக ரயில் ஏற எனக்குத்தான் திராணி இல்லை. என்னைத் திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு. மூவரும் ஒன்றாக நோய் நொடியின்றி இருங்கள். ஒன்று மறக்காதே, மாசியில் அவள் பிறந்த நாளுக்கு அங்கே கேக்கில் மெழுகுவத்தி வைப்பார்களாம். ஊதட்டும். தாத்தா ஊதச் சொன்னார் என்று சொல், இல்லாவிட்டால் ஊதமாட்டாள்.

உன் அப்பா,
வெ. சுயம்புலிங்கம்