அம்மாவின் அழுகைக்கு மேல் ஒட்டிய பாட்டு

என் செல்லத் தம்பி டேனியலுக்கு,

உன் ஆல்பம் வந்துவிட்டது. இந்தச் செய்தியை உனக்குச் சந்தோஷமாக எழுதவேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அருவருப்போடு எழுதுகிறேன்.

நீ ராஜபாளையத்து அறையில் கிதாரோடு பாடி அனுப்புவாய். உன் கூட்டாளி கௌதம் சென்னையிலிருந்து அதற்குக் கீழே மழை, மில் இரைச்சல் என்று ஒலிகளை விரிப்பான். ட்ரீம் பாப், ஆம்பியன்ட் என்று நீ சொன்ன இசை வகை எதுவும் எனக்கு விளங்கவில்லை. பரீட்சை நேரத்தில் நாற்பது பிள்ளைகள் எழுதும்போது பேனாச் சத்தம் மட்டும் கேட்குமே, அந்த மாதிரியா என்று கேட்டேன்.

"அதேதான்க்கா. அதுக்கு மேல ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல பாடுதான்னு வச்சுக்கோ" என்றாய். இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கே இப்படி ஓர் உதாரணம் வாய்த்ததில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று கௌதம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்திருந்தான். உன் பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன ரெக்கார்டரை வைத்தான். லீவு கிடைக்காத பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு ஜெபத்தைப் பதிவு செய்து அனுப்புவது நம் குடும்பத்தில் வழக்கம்தானே? அதற்குத்தான் வைக்கிறான் என்று நினைத்தேன். இரைச்சல் விழக்கூடாதென்று நானே ஃபேனை நிறுத்தினேன். அந்தப் புழுக்கத்தில்தான் அம்மா அழுதாள்.

போன வாரம், கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆல்பத்தை எனக்கும் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினாள். கேட்டால் நல்லா தூக்கம் வருது டீச்சர் என்றாள், பாராட்டாகத்தான். கடைசிப் பாட்டில் உன் குரலுக்குக் கீழே ஏதோ இழுத்து இழுத்து வந்தது. அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஏட்டி, இது நான் அழுத சத்தம்லா?"

அதை மெதுவாக்கி, நீட்டி, எதிரொலி சேர்த்திருக்கிறான். மனசுக்கு இதமாக இருக்கிறது என்று யாரோ பாட்டுக்குக் கீழே எழுதியிருந்தார்கள். எம்புட்டுப் பேரு கேட்டிருப்பாவ என்று அம்மா கேட்டாள்.

கௌதமுக்குப் போன் செய்தேன். அது நடிக்க முடியாத துக்கம் டீச்சர் என்றான். ஒரு பிள்ளை விழுந்து அழுதால் தூக்குவாயா, குரல் நன்றாயிருக்கிறதே என்று நின்று கேட்பாயா என்றேன். அழுகை இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை, வேண்டாமென்றால் முழுசாக எடுத்துவிடுகிறேன், முடிவு உங்கள் கையில் என்றான்.

நீ கடைசியாகப் பாடியது அது. நாலு பேர் கேட்கவேண்டும் என்று நீ எவ்வளவு ஏங்கினாய்! அதை நான் எப்படி எடுக்கச் சொல்வேன்? அம்மாவிடமே கேட்டேன்.

"எம்புள்ள பாடும்போது நான் ஒருநாளும் அழுததில்ல. எடுக்கச் சொல்லு" என்றாள்.

எடுத்துவிட்டான். அந்தப் பாட்டு இப்போது எங்கும் இல்லை, டேனி. உனக்குக் கோபமா?

நீ எனக்கு அனுப்பிய அதே பாட்டு, வெறும் கிதாரும் குரலும், என் போனில் இருக்கிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஸ்டெல்லாவை உட்காரவைத்து அதை அப்படியே வெளியே விடுவேன். நடுவில் நீ இருமுகிற இடத்தைக்கூட வெட்ட விடமாட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். சரி என்றாள்.

உன்னைத் தூக்கி வளர்த்த
கிரேஸ் அக்கா